எல்லைக் கல்லில் ஒரு காகம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் முழங்கால், பிறகு சர்க்கரை வியாதி, கடைசியில் மருமகள். இன்றைக்கு அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சிறுமியாக இருந்த காலத்தில், ஒரு மழைக்கும் அடுத்த அறுவடைக்கும் நடுவே, தோட்டம் முழுவதையும் ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டியது. பழைய சாமான் தேடும் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் ஒரு ஏழைப் பெண்ணின் வயல் கைவிட்டுப் போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பைத்தியத்தைக் கொண்டுவந்தவர் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை. மற்றத் துரைமார் பங்களாச் சுவரில் மான் கொம்பு மாட்டுவார்கள். இவர் பானை ஓட்டைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். அந்த வருஷம் அரநாயக்கப் பாதைப் பக்கமாக ஒரு காட்டை வெட்டி எரித்து, ரப்பர் கன்று நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணைத் திறந்தால் சாம்பலும் ஈரமும் கலந்த ஒரு வாசனை வரும், உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மண்ணில் மண்வெட்டி எதிலாவது பட்டு வேறு மாதிரிச் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் துரைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. துரை வந்து, வெள்ளைக் காற்சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்து, சவரம் செய்கிற பிரஷ் போன்ற ஒன்றால் மண்ணை மெல்லத் தள்ளுவார். சுற்றி நிற்கிற ஆட்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள்.

என் அப்பா கான், அதாவது வடிகால், வெட்டுகிற ஆட்களை மேய்க்கிற கங்காணி. பெரிய கங்காணி அல்ல, சில்லறைக் கங்காணிதான். துரையின் பைத்தியம் முதலில் தொற்றியது அவருக்கு. துரை ஒருநாள் தன் அரைத் தமிழில் அவருக்குச் சொன்னாராம்: "சாமான் பாக்காதே. முதல்லே குழி பாரு. மண்ணு எல்லாம் ஞாபகம் வைக்கும்." அன்றிலிருந்து அப்பா எதைக் கண்டாலும் குழியைத்தான் முதலில் பார்த்தார். அம்மாகூட, "கொழம்பக் கூடப் பாக்காம சட்டியப் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று கேலி செய்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் வேட்டைக்குப் போவோம். அவர் தோளில் அலவாங்குக் கடப்பாரை, என் கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். மழை அரித்த கான் ஓரங்களில்தான் நல்ல சாமான் கிடைக்கும். பச்சை பிடித்த செப்புக் காசு கிடைத்தது. அதில் ஒரு ஆள் குச்சிக் கை காலோடு நின்றுகொண்டிருந்தான். சிவப்புப் பாசிமணிகள் கிடைத்தன. குதிரைத் தலை வைத்த ஒரு பாக்குவெட்டி, வாய் இறுகிப் போய்க் கிடைத்தது. அதை அப்பா எண்ணெயில் ஊறப்போட்டுத் திறக்க வைத்துவிட்டார். அது திறந்தபோது வந்த 'கிறீச்' சத்தத்தைக் கேட்டு, கடைசியாக இது யாருக்குப் பாக்கு வெட்டியிருக்கும் என்று நான் கேட்டேன். "அதத்தான் பாப்பா நானும் நெனச்சேன்" என்றார் அப்பா. துரையிடம் காட்டியது பாதி, டின்னில் போட்டது பாதி. அந்த டின் இப்போது எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். நாலு தோட்டம் மாறிய குடும்பத்தில் எது மிஞ்சும்?

நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்தில் மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. புதையல் பானை கிடைக்கும் என்று சிலர் மண்ணைக் கிளறினார்கள். எதிர்வீட்டு மாமா தன் வீட்டு உடைந்த சட்டியையே புதைத்து வைத்தார். நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு அதைத் தோண்டியெடுத்துத் துரையிடம் பணிவாக நீட்டினார். துரை அதை மோந்து பார்த்து, "கருவாடு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புதுக்காட்டுக்குக் கீழே ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில், ஒரு துண்டு வயல். அது ஒரு சிங்கள விதவையுடையது. நாங்கள் அவளை வயல் அம்மே என்போம். அப்பாவுக்குச் சிங்களம் வந்ததே அவளோடு வரப்பில் நின்று பேசிப் பேசித்தான். பலாக்காய் காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒன்று வரும். எங்கள் வீட்டிலிருந்து அவளுக்கு மோர் மிளகாய் போகும். அவளுக்கு அந்த வயலைத் தவிர வேறு பிழைப்பில்லை. தோட்டத்தை வாங்கிய கம்பனியோ, அந்த வயலையும் சேர்த்து ஓடை வரைக்கும் தன் காணி என்று புதிதாகச் சொல்லத் தொடங்கியிருந்தது. அளந்து பார்க்கச் சர்வேயர் வரப்போவதாகப் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வயலின் மேல் வரப்புக்குப் பக்கத்தில், பன்னம் என்கிற பெரணிச் செடிகள் மூடிய இடத்தில் அப்பாவின் அலவாங்கு கல்லில் பட்டது. செடியை விலக்கினால், இடுப்பு உயரத்தில் ஒரு தட்டைக் கல் சாய்ந்து பாதி புதைந்து கிடந்தது. நான் ஓடையிலிருந்து சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். மேலே வட்டமாக ஒன்றும் பிறையாக ஒன்றும் தெரிந்தன. அதன் கீழே ஒரு பறவை வந்தது.

"கோழிப்பா."

"கோழி இல்ல பாப்பா, காக்கா. மூக்கப் பாரு."

இன்னும் தேய்த்தேன். காகத்துக்குக் கீழே வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு நாய். அப்பா அலவாங்கைக் கீழே போட்டுவிட்டுக் கை கூப்பிவிட்டார். "சூரியன், சந்திரன், சனீஸ்வரன். நவக்கிரகத்துல மூணு பேரு இங்கன இருக்காங்க. காவலுக்குப் பைரவரு." காகம் சனியின் வாகனம், நாய் பைரவரின் வாகனம். நம் ஆட்களில் யார் பார்த்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்களும்தான்.

அந்த நேரம் வீட்டில் தம்பிக்கு நடுக்கக் காய்ச்சல். விட்டு விட்டு வந்து பிள்ளையை எலும்பாக்கியிருந்தது. அவனுக்குச் சனி பிடித்திருக்கிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். தேடி வந்த சாமியை விட்டுவிட்டு வர அப்பாவுக்கு மனம் வருமா? கேட்டுப் பார்க்க வயல் அம்மேயும் ஊரில் இல்லை. மாவனல்லைப் பக்கம் மகளுடைய பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஆட்களைக் கூட்டிவந்து, சாக்கும் கம்பும் கட்டிக் கல்லைத் தூக்கினார்கள். தூக்கிய பிறகும் அப்பா துரை சொன்னதை மறக்கவில்லை. குழியைச் சுற்றிச் சிறு கற்களை அடுக்கி, மேலே பன்னத்தைப் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தார்.

லயத்துப் பலாமரத்தடியில் சனீஸ்வரன் வந்து அமர்ந்தார். மஞ்சள் பூசி, கறுப்புத் துணி கட்டி, சனிக்கிழமை எள் முடிந்து தீபம் போட்டார்கள். தம்பியின் காய்ச்சல் இறங்கியது. அதே வாரம் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா கசக்கக் கசக்கக் கொயினா மருந்து கொடுத்திருந்தார். அவருக்கு யாரும் எள் தீபம் போடவில்லை. அம்மாவோ ரப்பர் பால்வெட்டு முடிந்து வரும்போதெல்லாம் அந்தக் கல்லின் முன்னால் நின்று, தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள்.

வயல் அம்மே மகள் வீட்டிலிருந்து திரும்பியதும், சர்வேயர் வருகிற செய்தியோடு ஊர்த்தலைவரான ஆரச்சி அவள் வாசலில் நின்றிருக்கிறார். எல்லைக் கல்லைச் சுத்தம் செய்து வைப்போம் என்று போனவள் வெறும் குழியைக் கண்டாள். நேரே எங்கள் லயத்துக்கு வந்துவிட்டாள். கல்லையும் தீபத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சண்டை பிடிக்காமல் மரவேரில் உட்கார்ந்தாள். அவள் பேசியது சிங்களம். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

"கங்காணி, இது தெய்வமில்ல. என் வயலுக்குச் சாட்சி. எங்க பரம்பரையில ஒருத்தர் ராசாவோட யானைக்குப் புண் ஆத்தினார். அதுக்கு ராசா தந்த வயல் அது. சூரியன் சந்திரன் இருக்கிற வரைக்கும் எங்களுக்கு. அதைப் பறிக்கிறவன் காக்காவாவும் நாயாவும் பொறப்பான். அதைத்தான் கொத்தி வச்சிருக்கு. இந்தக் கல்லு வரப்புல இல்லாட்டி நான் எதைக் காட்டுவேன்?"

அப்பா கல்லைவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். "அப்ப, தூக்கியாந்த நான் என்னாவா பொறப்பேன்?"

"நீ கல்லைத்தானே எடுத்த. வயலை எடுக்கலையே" என்றாள் வயல் அம்மே.

அப்பா அப்போது செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். நேரே துரையிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். பழசை இவ்வளவு நேசிக்கிற மனிதர், பழைய உரிமையையும் நேசிப்பார் என்று அப்பா நம்பிவிட்டார். பங்களாப் படியின் கீழே நின்று சூரியன், சந்திரன், காகம், நாய், யானைப் புண் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். துரைக்குக் கண்ணெல்லாம் ஒளி. தொடையில் தட்டிக்கொண்டார். காகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, நாய்க்கு வால் எப்படி என்றெல்லாம் கேட்டார். பிறகு திரும்பி, அந்த வயல் கிடக்கிற மலையடிவாரத்தைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையிலே கல்லு இங்கே கொண்டு வா. வராந்தாவிலே வைப்போம். அந்தப் பொம்பளைகிட்டே பேசாதே."

வீட்டுக்கு வந்து அப்பா இதைச் சொன்னபோது அம்மா தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பழைய சாமான் மேலதாங்க ஆச" என்றாள். "நீங்க ஒரு அப்பாவி."

"குடுக்காட்டி பத்துச்சீட்டு குடுத்துருவாரு, புள்ள. அப்புறம் எந்தத் தோட்டத்துல போய் நிக்கிறது?" பற்றுச்சீட்டு என்றால் கணக்கை முடித்து வெளியே அனுப்புகிற துண்டு.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தை வழித்து ஊட்டி முடித்தாள். அந்தக் கல்லை விட்டுக்கொடுக்க அவளுக்குத்தான் எல்லோரையும்விடப் பயம். தம்பியின் உயிரே அதில்தான் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் தம்பியின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லையில இருந்தவரு. அவர இங்கன வச்சிக்கிட்டா எல்லைய யாரு பாக்குறது? கொண்டுபோய் விடுங்க. ஒளிச்சு மறைச்சு வேணாம். தப்படிச்சு, மாலை போட்டு, சனம் பூராவும் பாக்கக் கொண்டு போங்க. மாலை போட்ட சாமிய எந்தத் தொரையும் தூக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை காலை தப்புச் சத்தத்தோடு கல் புறப்பட்டது. பெரிய கங்காணி, பங்களாவுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். மேலே போனால் பங்களா, கீழே போனால் ஓடை என்று பாதை பிரிகிற இடம் ஒன்று உண்டு. அங்கே தப்படிக்கிறவர் கீழே திரும்பினார். எல்லோரும் கீழே திரும்பினோம். பெரிய கங்காணி மட்டும் மேலே கொஞ்ச தூரம் போய்விட்டு, பின்னால் யாருமில்லை என்று தெரிந்து ஓடிவந்தார். பங்களாவில் துரை வராந்தாவை ஒதுக்கிச் சுத்தம் செய்துவைத்துக் காத்திருந்தாராம். தப்புச் சத்தம் கிட்ட வந்து வந்து, பிறகு தூரப் போனதை அவர் என்னவென்று நினைத்தாரோ.

அப்பா பன்னத்தை விலக்கினார். அடுக்கிய கற்கள் அப்படியே இருந்தன. கல் தன் குழியில் இறங்கி, இந்த முறை நிமிர்ந்து நின்றது. வயல் அம்மே வரப்பில் நின்று அழுதுகொண்டே மண்ணை மிதித்து இறுக்கினாள்.

அந்த வாரமே தம்பிக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. "சாமிய எடம் மாத்தினா சும்மா இருக்குமா" என்று லயத்தில் சொல்லாத வாய் இல்லை. அப்பா ஆடிப்போய்விட்டார். அம்மா அழுதாள், ஆனால் கல்லைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒருவர் சொன்னபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அப்போது பட்ட பயம் இப்போதுதான் எனக்கு முழுதாக விளங்குகிறது.

சர்வேயர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் மெல்லிய திருநீறு, தலையில் தொப்பி. சங்கிலி பிடிக்கிற ஆட்களும் ஆரச்சியும் துரையும் வந்தார்கள். லயத்துச் சனமும் வரப்பில் வரிசையாக நின்றது. துரை இங்கிலீஷில் ஏதோ சொல்லிக் கல்லைக் காட்டினார். சர்வேயர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"துரை சொல்லுறது உண்மையே? போன ஞாயிறு நீங்கள்தானே இந்தக் கல்லைக் கொண்டுவந்து வைச்சனீங்கள்?"

ஆமாம் என்றால் வயல் போய்விடும். இல்லை என்றால் சனீஸ்வரன் முன்னால் பொய். பெரிய கங்காணி ஓடையில் மீன் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். அம்மா, கம்பளியில் சுற்றிய தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். துரை முன்னால் அதுவரை ஒரு வார்த்தை பேசியறியாதவள்.

"ஆமாங்க. நாங்கதான் கொண்டாந்து வச்சோம்."

அந்த அளவு தமிழ் வயல் அம்மேவுக்குத் தெரியும். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி இருந்த எடமே இதுதானுங்க" என்றாள் அம்மா. "புள்ளைக்குக் காச்சல்னு நாங்க கூப்பிட்டோம். லயத்துக்கு ஊர்வலம் வந்தாரு. ஊர்வலம் முடிஞ்சதும் அவரு எடத்துலயே கொண்டாந்து விட்டோம். அவரு பழையபடி அவரு எடத்துல நிக்கிறாரு."

சர்வேயர் தொப்பியைக் கழற்றினார். ஆளை விட்டுக் கல்லின் அடியில் ஒரு பக்கம் மண்ணை எடுக்கச் சொல்லி, குனிந்து பார்த்தார். பல காலம் கல் அங்கேயே இருந்ததற்கு அடையாளமாக, அடியில் களிமண் கல்லின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தது. துரையிடம் இங்கிலீஷில் பேசினார். பிறகு எங்களுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னார்: "சுவாமி வீதி சுத்தி வந்தாப்போல மூலஸ்தானம் மாறுமே?" சங்கிலியின் நுனியைக் கல்லில் வைக்கச் சொன்னார். அளவு அங்கிருந்து தொடங்கியது. வயல் முழுவதும் கம்பனிக் காணிக்கு வெளியே, வயல் அம்மேயின் பக்கம்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் சிறுபிள்ளைகள் வருஷக்கணக்காகப் பேசினோம். துரை போகவில்லை. கல்லை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். தயங்கித் தயங்கி அதன் பக்கம் வந்தார். அப்பா குறுக்கே கை நீட்டி, "தொரை, சப்பாத்து" என்றார். துரை வரப்பில் உட்கார்ந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, காலுறையையும் உருவினார். எங்களில் யாரும் அதுவரை துரையின் காலைப் பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்று, சுண்டு விரலில் ஆணியோடு இருந்தது. பார்க்க இடம் கிடைக்காமல் நாங்கள் அடித்துக்கொண்டோம்.

வெறுங்காலோடு சேற்றில் குந்தி, மாலையை ஒற்றை விரலால் விலக்கிக் காகத்தைப் பார்த்தார். நாயின் வாலைத் தடவினார். "எப்படிப் படுத்திருந்தது? குழி எந்தப் பக்கம் சரிவு?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவும் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, கையால் சரிவு காட்டி, மண்ணின் நிறம் மாறிய இடத்தைக் காட்டி ஆசை ஆசையாகச் சொன்னார். ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, இரண்டு பேரும் சிரித்துக்கூடக் கொண்டார்கள். வயலும் கம்பனியும் அவர்களுக்கு மறந்தே போயிருந்தன.

"நல்ல கல்லு" என்று துரை எழுந்தார்.

"நல்ல கல்லுதாங்க" என்றார் அப்பா. "எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கங்க. இங்கனதான் இருக்கும்."

அடுத்த வாரம் அதே துரையின் கையெழுத்தோடு அப்பாவுக்குப் பற்றுச்சீட்டு வந்தது. அப்பா அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது புரியவேயில்லை என்றுதான் நினைக்கிறேன். தம்பியின் காய்ச்சல் கொயினாவில் மறுபடி அடங்கியது. அவனுக்கு இப்போது பேரன் பேத்திகள். ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு காலையில் மூட்டை முடிச்சோடு மலையிறங்கினோம்.

வயல் அன்று மஞ்சளாகத் திரும்பியிருந்தது. வயல் அம்மே கிளி விரட்டிக்கொண்டிருந்தாள். அம்மா தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் வரப்பில் இறங்கினாள். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அம்மாவுக்கு இது எங்கே தெரியும் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மாவைப் பெற்றவர் இந்தியாவில் ஊரில் இருந்த ஒரே வயலையும் பறிகொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளோடு கப்பலேறினார் என்பதை அன்றைக்கு வழியில்தான் அப்பா எனக்குச் சொன்னார்.

"முத்திருச்சு" என்றாள் அம்மா தமிழில். "இன்னும் ஒரு வாரம் விடுங்க. அப்புறம் அறுக்கலாம்."

வயல் அம்மே அப்படியே செய்வதாகத் தலையாட்டினாள்.